ஆடி மாதத்துக் கடல்

எங்கள் குடும்பம் இந்தியாவுக்குப் போகாமல் இங்கே இலங்கையிலேயே தங்கிவிட்டதற்குக் கடல்தான் காரணம் என்று தேயிலைத் தோட்டத்தில் எல்லாரும் சொல்வார்கள். இன்னும் சரியாகச் சொல்வதென்றால், கடலுக்குப் பயந்த என் அம்மாதான் காரணம் என்பார்கள். அம்மாவும் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. அவளை அழைத்துப்போய்க் கடலைக் காட்டிய அன்று நானும் கூட இருந்தேன். எனக்கு அப்போது எட்டு வயது. அந்தப் பகல் முழுவதும் கண் கொட்டாமல் எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்ததில் ஒன்றும் விளங்கவில்லை.

இந்தியாவுக்கா, இலங்கைக்கா என்று தோட்டத்துச் சனங்கள் குடியுரிமைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு அரசாங்கங்களும் பேசி எங்களைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தன. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வரும் பெண்கள், என்ன கறி வைத்தாய் என்று கேட்பதை விட்டுவிட்டு, "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அம்மாவைப் பெற்றவளும் அம்மாவின் இரண்டு தம்பிமாரும் முதலில் போன ஆட்களோடு ஆட்களாகப் போய்விட்டார்கள். ஆகவே வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அடுத்து மூட்டை கட்டப்போவது அம்மாதான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்தியாவில் பனங்கிழங்கு கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்ததால் எனக்கு அவசரமும் இருந்தது.

அப்பாவுக்கு ஓர் அண்ணன். பெரியப்பாதான் அப்பாவைத் தூக்கி வளர்த்தவர். தோட்டத்தில் பெயர் பதிய வைத்தவரும் பெண் பார்த்துக் கட்டி வைத்தவரும் அவர்தான். அவர் ஒன்று சொன்னால் அப்பா "சரிண்ணே" என்பார். அடுத்த நாள் அதற்கு நேர்மாறாக ஒன்று சொன்னாலும் "சரிண்ணே" என்பார். அப்பா மலையில் கவ்வாத்து வெட்டுகிறவர். மட்டம் தப்பாமல் தேயிலையை வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று பேர். அந்தக் கையில் இருந்த உறுதி வாயில் கொஞ்சமும் இல்லை.

ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் பெரியப்பா எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்து உட்கார்ந்தார். இரண்டு குடும்பமும் இந்தியாவுக்கே எழுதிவிடுவது என்று தான் முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார். அப்பா "சரிண்ணே" என்றார். அவ்வளவுதான், எங்கள் தலையெழுத்து முடிந்தது என்று நான் பனங்கிழங்கை நினைத்துக்கொண்டேன். அப்போது அடுப்படிப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது. புருசனின் அண்ணனுக்கு முன்னால் வந்து நின்று பேசும் வழக்கம் எங்களில் இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதையும் சுவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"எனக்குக் கடல்னா பயமுங்க. நான் கப்பல்ல ஏற மாட்டேன்."

பெரியப்பாவுக்கு இது புதுசு. அம்மா குரலெடுத்து ஒன்றைச் சொன்னதும் புதுசு. ஒரு பொம்பிளை விறகுக்குப் போகமாட்டேன், கொழுந்துக்குப் போகமாட்டேன் என்றால் அதட்டலாம். பயம் என்றால் என்ன செய்வது? கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு அவர் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்.

"பாக்காததுனாலதான் பயம். மாடு பாலத்தைக் கண்டு மெரளுறப்போ என்னா செய்வோம்? நாலு தடவ ஓட்டிக்கிட்டுப் போயி காட்டுவோம்ல? தம்பி, ஒரு நாளைக்குக் கொழும்புக்குக் கூட்டிக்கிட்டுப் போயி கடலைக் காட்டிக்கிட்டு வந்துரு. தெளிஞ்சிரும்."

"சரிண்ணே," என்றார் அப்பா.

பெரியப்பாவும் பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லை என்பது வேறு விசயம். மழை விட்ட காலைகளில் எங்கள் மேல்மலையில் நின்று தெற்கே பார்த்தால், பள்ளத்துக் காடுகளுக்கெல்லாம் அப்பால், ஒரு கோடு பளபளக்கும். அதுதான் கடல் என்பார் பெரியப்பா. யாரோ தகரக் கூரை போட்டிருக்கிறார்கள் என்பாள் அம்மா. எங்களுக்கெல்லாம் கடலைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

எந்த வேலையையும் தள்ளிப்போடாத அப்பா இதைத் தள்ளிக்கொண்டே போனார். பெரியப்பா கேட்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்று சொல்வார். பங்குனியில் தலைவலி என்றார். சித்திரையில் திருவிழா என்றார். பிறகு லொறியில் இடமில்லை என்றார். கடைசியில் ஆடி பிறந்து, கச்சான் காற்று லயத்துத் தகரங்களைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, பெட்டியைத் திறந்து கோட்டை உதறிப் போட்டுக்கொண்டு, "கெளம்புங்க" என்றார்.

வெலிமடையிலிருந்து கொழும்புச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிப்போகும் லொறி எங்கள் தோட்டத்துச் சந்தியைக் கடந்துதான் இறங்கும். அதை ஓட்டியவர் அப்பாவுக்குப் பழக்கமான ஒரு முஸ்லிம் மனிதர். அப்பா அவரை நானா என்பார், அதனால் நாங்களும் நானா என்போம். லீக்ஸ் மூட்டைகளுக்கு மேல் எங்களுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தார். அம்மா கலியாணச் சேலை கட்டியிருந்தாள். அப்பா தன் கறுப்புக் குடையை மடியில் பிள்ளையைப் போல வைத்துக்கொண்டார். நான் இருவருக்கும் நடுவில், கம்பளிக்குள். லொறி வளைந்து வளைந்து இறங்கியது. மேலே கட்டியிருந்த படங்கின் ஓட்டை வழியாக ஒரு நேரம் மலை தெரிந்தது, ஒரு நேரம் வானம் தெரிந்தது, பிறகு இரண்டும் ஒன்றாகிவிட்டன. லீக்ஸ் வாசனையில் எனக்குத் தூக்கம் வந்தது. தூக்கத்திலும் இறங்கிக்கொண்டே இருந்தேன். எத்தனை நேரம் இறங்கினாலும் அடி வரவில்லை.

கண் விழித்தபோது விடிந்திருந்தது. கம்பளிக்குள் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. இப்படி வேர்த்தது எனக்கு ஒரு தடவைதான், அதுவும் மலேரியாவில்.

"அம்மா, எனக்குக் காய்ச்சலா?"

"இல்லடி. இது கொழும்பு."

சந்தையில் லொறியை நிறுத்திவிட்டு நானா வழி சொன்னார். மத்தியானம் கழிந்து லொறி திரும்பும் என்றார். அம்மாவைப் பார்த்து, "பயப்படாதீங்க தங்கச்சி, கடல் கரைய விட்டு வராது" என்றும் சொன்னார். அப்பா அவர் பேச்சை அவசரமாக வெட்டி, நேரமாகிறது என்று எங்களை நடத்திக்கொண்டு போனார்.

முதலில் சத்தம்தான் வந்தது. எங்கள் மலையில் சவுக்கு மரங்களுக்குள் காற்று புகுந்தால் இதே சத்தம்தான் வரும். ஆகவே கட்டடங்களுக்குப் பின்னால் பெரிய சவுக்குக் காடு ஒன்று இருக்கிறது என்று நினைத்தேன். தெரு முனையில் திரும்பிய பிறகு பார்த்தால் காடும் இல்லை, ஒன்றும் இல்லை. நகரம் அப்படியே முடிந்துபோயிருந்தது. அகலமான புல்வெளி, புல் தின்னும் ஒரு மாடுகூட இல்லை. அதற்கப்பால் ஒரு கட்டுச்சுவர். சுவருக்கு அப்பால் வானம் தரைக்கு இறங்கி வந்து கத்திக்கொண்டிருந்தது.

அதற்குக் காலிமுகத்திடல் என்று பெயர் என்பதெல்லாம் பிறகு படித்தது. அன்றைக்கு எனக்கு அது காற்றின் வீடு. காற்றில் வளர்ந்த பிள்ளை நான். எங்கள் அப்புத்தளையில் காற்று ஆளைத் தூக்கும் என்று பெருமை பேசுகிற ஊர்க்காரி. ஆனால் எங்கள் காற்று குளிர்ந்த காற்று, மலைகளுக்குள் முட்டி மோதி வருகிற காற்று. இது எதிலும் முட்டாமல், நனைந்து, இளஞ்சூடாக வந்தது. வாயைத் திறந்தால் உள்ளே போய்ப் பேச்சை எடுத்துக்கொண்டது. உதட்டை நக்கினேன், கரித்தது. அடுப்படியில் யாரோ உப்புச்சட்டியைக் கவிழ்த்துவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குக் கேட்கவில்லை.

அலை ஒன்று எழும்பி, சுவரைத் தாண்டி, நடைபாதையில் வந்து விழுந்தது. பட்டம் விட்டுக்கொண்டிருந்த பையன்கள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினார்கள். அப்பா பெருமையாகக் குடையை விரித்தார். எங்கள் மலையில் எத்தனையோ ஆடியைக் கண்ட குடை. விரித்த மாத்திரத்தில் அது மேல்பக்கமாக மடங்கி, கம்பிகளெல்லாம் வானத்தைப் பார்த்து நின்றது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அம்மாவின் பயத்தைத் தெளிய வைக்க வந்த அப்பா செய்த காரியத்தைத்தான் சொல்ல வேண்டும். "பாத்தியா புள்ள, எப்பிடிக் கத்துதுன்னு!" என்றார். "இது கரைதான். நடுக்கடல்ல இதுல பத்து மடங்காம்" என்றார். "கப்பல் எல்லாம் முட்டக்கோவா எல மாதிரி சுருண்டுருமாம்" என்றார். மாட்டைப் பாலத்துக்கு ஓட்டிப்போய், பாலம் உடையும் உடையும் என்று காதில் ஓதுகிற கதை. அப்பாவுக்கு ஒரு வேலையையும் ஒழுங்காகச் செய்யத் தெரியாது என்று எனக்குக் கோபமாக வந்தது. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பனங்கிழங்கு என் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

கொஞ்சம் கழித்து அப்பா, குடைக் கம்பியை நிமிர்த்த ஆள் கிடைக்குமா பார்க்கிறேன், வடையும் வாங்கி வருகிறேன் என்று புல்வெளியின் மறுபக்கத்துக்குப் போனார். அவர் கோட்டுக்குள் காற்று புகுந்து, முதுகு பெருத்து, யாரோ ஒரு பெரிய மனிதர் போவது போலிருந்தது.

அவர் தூரமானதும் அம்மா முகத்திலிருந்து சேலையை எடுத்தாள். செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "இங்கயே ஒக்காரு. எந்திரிக்கக் கூடாது" என்றாள். சுவரிலிருந்து கீழே மணலுக்கு இறங்கும் படிகள் இருந்தன. அம்மா அதில் இறங்கினாள். கொழுந்துக் கூடையோடு வழுக்கல் பாதையில் இறங்குவாளே, அதே நடை, காலைப் பார்க்காத நடை. மணலைத் தாண்டித் தண்ணீருக்குள் போனாள்.

முழங்கால் வரை தண்ணீர் வந்தது. ஓர் அலை வந்து இடுப்பில் அடித்தது. அம்மா ஆடினாள், விழவில்லை. வறுத்த கடலை விற்றுக்கொண்டிருந்த ஒருவர் சிங்களத்தில் ஏதோ கத்தினார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளித் தலையில் விட்டுக்கொண்டாள். கோயில் தீர்த்தத்தை அப்படித்தான் விட்டுக்கொள்வாள். கொண்டை அவிழ்ந்து கூந்தல் காற்றில் பறந்தது. என் அம்மாவுக்கு இவ்வளவு கூந்தல் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவளுக்கு மேலே இரண்டு பட்டங்கள். எல்லாம் ஆடிக்கொண்டிருக்க அவள் மட்டும் நடுவில் நின்றாள். எனக்கு ஏனோ, இது நான் லொறியில் கண்டுகொண்டிருந்த கனவின் மிச்சம் என்றே தோன்றியது.

பிறகு அவள் கூப்பிட்டாள். கொழுந்து மலையில் ஒரு மலையிலிருந்து பள்ளத்தைத் தாண்டி அடுத்த மலைக்குக் கூப்பிட ஒரு குரல் உண்டு. வாய்க்குப் பக்கத்தில் கையைக் குவித்து, அடிவயிற்றிலிருந்து இழுத்து விடுவார்கள். அந்தக் குரலில், "யம்மோவ்!" என்று கூப்பிட்டாள்.

கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தாள். எங்கள் மலையில் கூப்பிட்டால் மலை திருப்பிக் கூப்பிடும். குழந்தைகளுக்கு அது ஒரு விளையாட்டு. அம்மாவும் அதைத்தான் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். கடலுக்கு அந்த விளையாட்டுத் தெரியவில்லை. அம்மா இன்னொரு தடவை கூப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் நின்றாள். அப்புறம் கூந்தலை முடிந்துகொண்டு மேலே ஏறி வந்துவிட்டாள்.

அப்பா வடையோடு வந்தபோது அம்மா தலையிலிருந்து கால்வரை நனைந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னா புள்ள இது?"

"அலை மேல வந்து அடிச்சிருச்சுங்க. ஈரக்கொலையே நடுங்கிருச்சு. இந்தக் கடலைத் தாண்டி என்னால வரவே முடியாது. நீங்க உங்க அண்ணன்கிட்ட எப்பிடியாச்சும் சொல்லிப்புடுங்க."

அப்பா எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு, "சரி புள்ள" என்றார். வடையைப் பிட்டு அம்மாவின் கையில் பெரிய துண்டைக் கொடுத்தார். அவர் முகம் தெளிந்திருந்தது. இறால் வடை அவ்வளவு ருசி போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். வாயில் வைத்துப் பார்த்தேன், மணலும் உப்பும்தான். அப்பா போன பிறகு அலை ஒன்றும் மேலே வரவில்லையே, அம்மாதானே இறங்கிப் போனாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு பட்டம் அறுந்து கடலுக்குள் போனது. அதைப் பார்க்கப் போய் இதை மறந்துவிட்டேன்.

பெரியப்பா எங்கள் கதையைக் கேட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "பொண்டாட்டி பயத்துக்குப் பயப்படுறவன் நீ ஒருத்தன்தாண்டா." அப்பா அதற்கும் "சரிண்ணே" என்றார். இரண்டு வருசம் கழித்துப் பெரியப்பா குடும்பம் கப்பல்துறைக்குப் போகும் கோச்சி ஏறியது. அப்புத்தளை ஸ்டேசனில் பனிமூட்டம். பெரியப்பா சன்னலுக்கு வெளியே கையை நீட்டி அப்பாவின் தலையைப் பிடித்துக்கொண்டார். கோச்சி நகர்ந்தபோதும் விடவில்லை. அப்பா கூடவே நடந்தார், பிறகு ஓடினார், மேடை முடிகிற இடத்தில் தலை கையை விட்டுப் பிரிந்தது. அப்பா சத்தம் போட்டு அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு அம்மாவின் மேல் வெறுப்பு வந்தது. ஒரு பயத்துக்காக இப்படியா என்று இருந்தது. சகோதரர்கள் அதற்குப் பிறகு ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அம்மாவைப் பெற்றவள் அங்கே இறந்துபோன செய்தி வந்தது. அம்மா மலையிலேயே உட்கார்ந்து அழுதாள். "கடலுக்குப் பயந்தவளுக்கு இப்ப எதுக்கு ஒப்பாரி?" என்று பக்கத்துக் காம்பராக்காரி எங்கள் காதுபடவே கேட்டாள்.

இங்கேயே இருந்ததில் நாங்கள் நன்றாக இருந்தோம் என்றெல்லாம் சொல்ல வரவில்லை. கெட்ட வருசங்களையும் பார்த்தோம். ஆனால் அப்பா கடைசி வரை அந்த மலையில் நடந்தார். காலையில் வெளியே வந்து, எதிர்மலையைப் பார்த்து, ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் முகம் கழுவுவார். அவரை அந்த மண்ணிலேயே வைத்தோம். நான் படித்து, பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா ஆனேன்.

அப்பா போன மறு வருசம் வெலிமடையில் விதை உருளைக்கிழங்கு வாங்கப் போனபோது கடையில் நானாவைக் கண்டேன். லொறி ஓட்டுவதை விட்டு, மகனின் கடையில் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் பெயரைச் சொன்னதும் கண்டுகொண்டார். அப்பாவைப் பற்றிக் கேட்டு, தலையை ஆட்டி வருத்தப்பட்டார். பிறகு சிரித்தார்.

"ஒங்கட அப்பா ஒரு விசித்திரமான மனிசன் மகள். மாசியில எங்கிட்ட வந்து, நானா, எந்த மாசத்துல கடல் மிச்சம் மோசமா இருக்கும்டு கேட்டார். கடல் பாக்கிற ஆக்கள் எல்லாம் எப்ப நல்லா இருக்கும்டுதானே கேப்பாங்க? ஆடியிலண்டு சொன்னன். அப்ப ஆடியிலயே வாறன்டார். மாசியில போனா குளம் மாதிரி கிடக்கும், பொம்புளைக்குப் பயம் விட்டுப்போகும்டு எவ்வளவோ சொன்னன். கேக்கல்லையே!"

கிழங்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அண்ணனிடம் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர், அந்த வேலைக்கு ஒரு சமுத்திரத்தையே பிடித்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அம்மாவிடம் சொன்னேன். கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"அவ்வளவு தூரம் கேட்டு வச்சிருந்தாரா?" என்றாள். "பாவம். அது தேவையே இல்ல."

"தேவையில்லன்னா?"

"ஒங்க பெரியப்பா வந்து சொன்ன அன்னைக்கு அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தேன். வாய்தான் சரிங்குது, கண்ணு எதிர்மலையவே பாக்குது. இவர இங்கேருந்து பேத்துக்கிட்டுப் போனா பொழைக்க மாட்டாருன்னு தெரிஞ்சு போச்சு. அவரால சொல்ல முடியாது. நான் சொன்னாத்தான் உண்டு. பொம்பள பயம்னு சொன்னா யாரும் காரணம் கேக்க மாட்டாங்க."

"அப்ப ஒனக்கு?"

அம்மா மறுபடியும் தவிட்டைப் பிசைந்தாள்.

"எனக்கென்னா. எங்கம்மா அங்க இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். எட்டு வயதில் படிக்கு மேலே உட்கார்ந்து, இரண்டு செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு, அம்மா விளையாடுகிறாள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தது என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. போகிற ஆட்கள் எல்லாரும் ஸ்டேசனில் விடைபெற்றார்கள். போகாமல் நின்ற அம்மாவுக்கு விடைபெற அந்த ஓர் இடம்தான் கிடைத்தது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நானும் தவிட்டில் கையை வைத்துப் பிசைந்தேன்.

கோழிகளுக்கு வைத்துவிட்டுக் கையைக் கழுவும்போது அம்மா கேட்டாள்.

"நீ பிள்ளைங்களுக்குப் படமெல்லாம் காட்டிச் சொல்லிக் குடுக்குறவதானே. அன்னைக்கு நான் நின்னேனே, அங்கேருந்து நேரா எதுத்தாப்புல எங்கம்மா ஊருதானே வரும்?"

வகுப்பில் எத்தனையோ தடவை அந்த வரைபடத்தில் கோலை வைத்துக் காட்டியிருக்கிறேன். கொழும்புக் கரையில் நின்று நேரே பார்த்தால் எங்கள் சனம் போன ஊர் வராது. அது வடக்கே, வலது கைப்பக்கம் எட்டத்தில் இருக்கிறது. அம்மா கூப்பிட்ட பக்கத்தில் தண்ணீர்தான்.

"ஆமாம்மா," என்றேன். "நேராத்தான்."

"அதானே," என்று அம்மா கையை உதறிவிட்டு உள்ளே போனாள்.